காணாமல் போன கடைசி முகூர்த்தம்

ஒரு முழு நாளை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரின் வாய்க்குள் கையை விட்டு, அந்த நாளை ஒரு நிமிஷம்கூடச் சேதமில்லாமல் வெளியே இழுத்துப் போட்டவன் நான். லிந்துலை பஜாரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காணாமல் போன மாட்டைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. காணாமல் போன மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. காணாமல் போன ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தைக் கண்டுபிடித்தவன் இந்த மலைநாட்டில் சோமசுந்தரம் ஒருவன்தான்.

ஊர் நம்பாதது பெரிதில்லை. ஊரே நம்பினாலும் நம்பாத ஓர் ஆளோடு நான் குடும்பம் நடத்துகிறேன். என் மனைவி மனோரஞ்சிதம்.

போன வாரம், ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் என்று அச்சடித்த இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் எங்கள் கடை வாசலில் எதிரும் புதிருமாக வந்து நின்றதோடு கதையை விட்டிருந்தேன். புதிதாக வந்து சேர்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழே எங்கள் பலசரக்குக் கடை, மேல்மாடியில் எங்கள் கல்யாண மண்டபம். கடையை மகன் தரணிதரனிடம் கொடுத்துவிட்டு நான் ஓய்வில் இருக்கிறேன். அதாவது, முன்பு கல்லாவில் உட்கார்ந்து பேசியதை இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன்.

மண்டபத்து நாட்களை எல்லாம் மனோரஞ்சிதம்தான் காலங்காலமாகச் சுவர்க் கலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தாள். சித்திரையில் மருமகளாக வந்த கிருஷாந்தி கம்ப்யூட்டர் படித்த பெண். வந்த சூட்டோடு அத்தனையையும் கல்லாவில் இருந்த கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். கலண்டர் சமையலறைக்குப் போனது. மாமியாரின் சிரிப்பும் அதோடு சேர்ந்து அங்கேயே போய்விட்டது.

இனி அந்தக் காலை.

மழையென்றால் சும்மா மழையில்லை. அக்கரப்பத்தனையிலிருந்து வந்த பஸ்ஸுக்குள் மீன் நீந்தியதாகக் கேள்வி. அதில்தான் வீரம்மா வந்து இறங்கியிருந்தாள். தேயிலைக் கொழுந்து எடுத்தே மகளைப் படிக்க வைத்தவள். தலைக்குப் போட்டிருந்த பொலித்தீனை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பத்திரிகையை என் முன்னால் வைத்தாள்.

“மொதலாளி, தோட்டத்துல மூனு டிவிசனுக்கும் பத்திரிக வச்சு முடிச்சிட்டேங்க. மாப்பிள்ள பிரதாப்பு ஆடி பொறந்ததும் கட்டாருக்குப் போவுது. இந்த நாள விட்டா அது எப்ப திரும்பி வருமோ. எம்புள்ள பிரேமினி முகூர்த்தப் பொடவையக்கூட எடுத்திருச்சுங்க.”

அந்தப் பக்கம் மாயாண்டி. ஹட்டனில் லொறி வைத்து ஓட்டுகிறவர். அவருடைய மீசையின் ஒரு முனையில் சட்டை காயப்போடலாம், மறு முனையில் சாரம் காயப்போடலாம்.

“என்னண்ணே வெளயாட்டு இது? எம் மவன் நிரஞ்சன் கல்யாணத்துக்கு ஹட்டன் டவுன்ல பாதி வருது. மந்திரி வந்தாலும் வருவாரு. நான் எங்க கொண்டுபோய் ஒக்கார வைக்கிறது, ஒங்க அரிசி மூட்டை மேலயா?”

“நல்ல பச்சரிசி, மெத்துன்னுதான் இருக்கும்,” என்றேன்.

மனோரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, ஹட்டனுக்கும் அப்பால் நோட்டன் பிரிட்ஜில் காய்ச்சி வைத்த பால்கூடத் திரிந்திருக்கும்.

இருவர் கையிலும் கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்த துண்டு இருந்தது. இரண்டிலும் எங்கள் மண்டபத்தின் பெயர். இரண்டிலும் ஆனி கடைசி முகூர்த்தம். அதற்கு மறுநாளே ஆடி. ஆடியில் நம் ஆட்களில் யார் தாலி கட்டுவார்கள்? அதனால் அந்தக் கடைசி நாளுக்குத் தலவாக்கலையிலிருந்து ஹட்டன் வரை ஒரு கொட்டகைகூட மிச்சமில்லை.

“இருங்க அத்தை,” என்றாள் கிருஷாந்தி. “யாரு மொதல்ல பதிஞ்சாங்கன்னு இப்பவே சொல்லிர்றேன்.”

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆனி முதல் முகூர்த்தத் தேதியை ஒரு கட்டத்தில் போட்டாள், கடைசி முகூர்த்தத் தேதியை அடுத்த கட்டத்தில் போட்டாள். தட்டினாள். அந்த மாதக் கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

கடைசி நாள் மட்டும் காலி.

வீரம்மாவும் இல்லை, மாயாண்டியும் இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி வெறுமையாக இருந்தது.

கிருஷாந்தி விடவில்லை. அந்த ஒரு நாளை மட்டும் எடுத்து, ‘இதிலிருந்து’ என்ற இடத்திலும் அதே தேதி, ‘இதுவரை’ என்ற இடத்திலும் அதே தேதி போட்டுத் தட்டினாள். அப்போதும் காலிதான்.

“அத்தை, இந்த ரெண்டு துண்டும் இந்தக் கம்ப்யூட்டர்லதான் அடிச்சது. ஆனா பதிவு தெரியலியே...”

மாயாண்டி முகம் மலர்ந்தது.

“அப்ப ரெண்டு பேரும் இல்லன்னு ஆச்சு. நாள் காலி. சரி, நான் இப்பவே எடுத்துக்கிறேன். எழுதும்மா, மணமகன் நிரஞ்சன்.”

“ஐயோ, மொதலாளி!” வீரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து எடுத்துக் காய்ப்பேறிய கை. எனக்கு விளையாட்டுப் புத்தி ஒரு நொடி விட்டுப்போனது. ஒரே ஒரு நொடிதான்.

மனோரஞ்சிதம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அது விசாரணை தொடங்கும் அடையாளம்.

“கல்லாவுல யாரு யாரு ஒக்காந்தீங்க?”

“நானும் அவருந்தான் அத்தை. வெசாக் பண்டிக லீவுக்கு வந்தப்ப அனோஜா கொஞ்ச நேரம் ஒக்காந்தா,” என்றாள் கிருஷாந்தி. அனோஜா எங்கள் கடைக்குட்டி, கொழும்பில் வேலை செய்கிறாள்.

“அனோஜா பச்சப்புள்ள. அவள விடு.” மனோரஞ்சிதம் என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, எல்லாரும் சாப்பிடப் போற நேரம் நீங்கதானே இங்க இருப்பீங்க? எந்தப் பொத்தான அமுக்கித் தொலச்சீங்க?”

“நானா? அந்தப் பெட்டிக்குத் தூசுகூடத் தட்டுனதில்ல. இது வேற கேஸு, மனோ. நாள் காணாமப் போயிருக்கு.”

“நாள் எங்கயாச்சும் காணாமப் போவுமா?”

“போயிருக்கே!”

“சிறுத்தப்புலி கடைக்கு வந்து பனிஸ் வாங்கிட்டுப் போச்சுன்னு சொன்ன ஆளு நீங்க.”

“வாங்கிட்டுப் போச்சுன்னு நான் சொல்லவே இல்ல. எடுத்துட்டுப் போச்சுன்னுதான் சொன்னேன்.”

வீரம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். மனோரஞ்சிதம் சிரிக்கவில்லை.

“கிருஷாந்தி, சமையக்கட்டுல கலண்டர் இருக்கு, கொண்டாந்து மாட்டு. இனி இந்தப் பெட்டி வேணாம். கலியாண நாளத் தொலைக்கிற பெட்டி இந்த வீட்டுக்கு ஆவாது.”

கிருஷாந்தி எழுந்திருக்கவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரணிதரனைக் கூப்பிட்டால், அவன் சரக்கு எடுக்க ஹட்டன் போகிற வழியில் ஏதோ ஒரு வளைவில் இருக்கிறான். அந்த வளைவுகளில் போன் எடுபடாது.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே புகுந்தேன்.

உண்மையைச் சொன்னால், நான் வேறொரு கவலையில் இருந்தேன். ஆடி பிறந்ததும் மண்டபம் ஈ ஓட்டும். அந்த ஒரு மாதமும் அது எங்கள் ராஜ்ஜியம். பஜார்க் கிழவர்கள் சேர்ந்து மேல்மாடியில் கரம் போர்ட் போடுவோம். நான் ஸ்ட்ரைக்கரை எடுத்தால் காய்கள் தாமாகவே எழுந்து நடந்து குழிக்குள் விழும். ஆனால் இந்த வருஷம், ஆடியில் மண்டபத்தைச் சேலை வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சமையலறையில் ஒரு பேச்சு காதில் விழுந்திருந்தது. எங்கள் ஆடியை யாராவது பறித்துவிட்டார்களா?

எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிருஷாந்தி கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தாள். நான் மெல்லக் குனிந்தேன். ‘இதுவரை’ என்ற இடத்தில் இருந்த தேதியை ஒற்றை விரலால் அழித்து, ஆடி நடுவில் ஒரு தேதியைக் குத்தினேன். தட்டினேன்.

ஆடி காலி. எங்கள் ராஜ்ஜியம் பத்திரம்.

ஆனால் அதற்கு மேலே இரண்டு வரிகள் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தன.

பிரேமினி – பிரதாப். அதற்கு அடுத்து, நிரஞ்சனும் அவனுடைய மணமகளும். இரண்டும் ஆனி கடைசி முகூர்த்தம்.

நான் போட்ட கூச்சலில் நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டில் தண்ணீர் அலையடித்தது என்று பிறகு சொன்னார்கள்.

“வந்திருச்சு! வந்திருச்சு! நாள் வந்திருச்சு!”

“என்னத்தத் தட்டுனீங்க மாமா?” கிருஷாந்தி பாய்ந்து வந்தாள்.

“ஒன்னும் இல்லம்மா, ஆடியப் பாத்தேன்.”

“ஆடியா? ஆடிய எதுக்கு...” அவள் பேச்சு பாதியில் நின்றது. திரையைப் பார்த்தாள். கடைசித் தேதியை மறுபடி ஆனி கடைசி முகூர்த்தத்துக்கு மாற்றினாள். இரண்டு வரியும் மறைந்தன. ஒரு நாள் தள்ளிப் போட்டாள். இரண்டும் வந்தன. படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, என் புத்திய என்ன சொல்ல! மாமா, நான் கடைசித் தேதின்னு ஒரு நாளப் போட்டா, இது அந்த நாளு பொறக்கிற நடுச்சாமத்தோட கதவச் சாத்திருது. கல்யாணமெல்லாம் விடிஞ்ச பொறவு. முகூர்த்த நேரத்தையும் சேத்துத்தானே பதியிறோம். அது கதவுக்கு வெளிய நின்னுபோச்சு. அந்த ஒரு நாள மட்டும் தேடுனாலும் அதே கததான், நடுச்சாமத்துல தொடங்கி அந்த நடுச்சாமத்துலயே முடிச்சிருது.”

“அதாவது,” என்றேன் நான், பஜாருக்கே கேட்கும்படி, “தலவாக்கலைக்கு டிக்கட் எடுத்தவன, தலவாக்கலைன்னு போர்டு தெரிஞ்ச எடத்துலயே பஸ்ஸ விட்டு எறக்கி விட்டுருச்சு. டவுனுக்குள்ள போகவே இல்ல.”

“அதேதான் மாமா!”

“இத்தன நாளா ஏன் தெரியல?” என்று மாயாண்டி சந்தேகமாகக் கேட்டார்.

“மத்த மாசத்துல யாராச்சும் நாள் கேட்டா, அடுத்த மாசத்தையும் சேத்துத்தான் தேடுவோங்க,” என்றாள் கிருஷாந்தி. “ஆனிக்கு மட்டும் கடைசி முகூர்த்தத்தோட நிறுத்திருவோம். ஆடியில நாள் பாக்க யாரு வர்றா?”

“நான் வந்தேனே,” என்றேன்.

வீரம்மாவின் பதிவு முதலில். பிறகு மாயாண்டி வந்து கேட்டபோது, தரணிதரன் அதே மாதிரித் தேடி, கடைசி நாள் காலியாகத் தெரிய, எடுத்துக் கொடுத்துவிட்டான். பையன் மேல் தப்பில்லை.

மனோரஞ்சிதம் எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

“மாமனாரும் மருமகளும் நல்லாத்தான் நடிக்கிறீங்க. கம்ப்யூட்டரு நாள முழுங்கிச்சாம், கரம் போர்டுக்காரரு கக்க வச்சாராம். நீங்க எதையோ அழிச்சீங்க, இப்ப அவ எழுதிப் போட்டுட்டா. மாமனாரக் காப்பாத்துறா.”

“அத்தை, சத்தியமா...”

“சத்தியம் பண்ணாத. அவரோட சேந்து பண்ணா பலிக்காது.”

மாயாண்டிக்கு அந்த வழக்கில் அக்கறையில்லை. அவர் தன் காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே எகிறினார். “மொதல்ல பதிஞ்சா என்ன? எனக்குக் குடுத்த துண்டு என்ன, பீடி சுத்துற தாளா? மண்டபம் எனக்கு வேணும்.”

வீரம்மா அவரையே உற்றுப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். இரண்டடி கிட்ட வந்தாள்.

“கோவம் வந்தா காதப் புடிச்சு இழுக்கிறவன் ஒருத்தன்தான். நீ நம்ம கீழ் டிவிசன் மாயாண்டிதானே?”

மாயாண்டியின் கை காதிலேயே நின்றுவிட்டது.

“கொளவிக் கூட்டுல கல்ல வுட்டுட்டு, ஓடியாந்து என் கொழுந்துக் கூடைக்குள்ள தலைய வுட்ட மாயாண்டிதானே? அன்னிக்கு நான் எடுத்த கொழுந்தெல்லாம் நாசமாப் போச்சு. கங்காணி என்னைய என்ன பேச்சுப் பேசுனாரு தெரியுமா? மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கிப் போய்க் கெடந்த. மீச வளத்தா தெரியாதுன்னு நெனச்சியா?”

“வீரம்மாக்கா!”

லொறி முதலாளியின் குரல் பள்ளிக்கூடப் பையன் குரலாகிவிட்டது. அந்த மீசை இரண்டு பக்கமும் தொங்கிப்போனதை என் கண்ணால் பார்த்தேன்.

“ஆமா, அக்காதான். இன்னிக்கு எம்புள்ள கல்யாணத்துலயும் வந்து தலைய வுடுறியா?”

கடையே சிரித்தது. எதிர்க்கடை பேக்கரிக்காரரும் மழையில் நனைந்துகொண்டே வந்து சிரித்துவிட்டுப் போனார். மாயாண்டியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“இப்ப என்னக்கா செய்றது? நானும் பத்திரிக குடுத்துட்டேனே. எம் பொண்டாட்டி என்னய வீட்டுக்குள்ள விடமாட்டா.”

அப்போதுதான் கிருஷாந்தி திரையில் விரலை வைத்தாள்.

“இங்க பாருங்க. இத்தன கூத்துக்கும் காரணம் இந்த நேரந்தான். ஆனா இதுவே வழியும் காட்டுது. பிரேமினிக்கு முகூர்த்தம் விடிஞ்ச கையோட. ஒங்க நிரஞ்சனுக்குப் பத்து மணிக்கு மேல. அவங்க தாலி கட்டி, பந்தி முடிச்சு எறங்க, நீங்க ஏறலாம்.”

 மாயாண்டி மேசையைத் தட்டினார்.

“போடு! அக்கா, அக்கரப்பத்தனையில இருந்து ஒங்க ஆளுகள ஏத்திட்டு வர என் லொறி வரும். மணவறைச் சோடனைய நான் முந்தின நாளே போட்டுர்றேன், பிரேமினியும் அதுலயே ஒக்காரட்டும். ஆனா ஒன்னு, ஒங்க பந்தியிலயும் எனக்குப் பாயாசம் வேணும்.”

“வா. கூடைக்குள்ள மட்டும் தலைய வுடாத,” என்றாள் வீரம்மா.

இருவரும் ஒரே குடையில் இறங்கிப் போனார்கள். குடை மாயாண்டி கையில், நாங்கள் கொடுத்த பிளேன்டீயின் தெம்பு வீரம்மா நடையில்.

மழை சற்று ஓய்ந்தது. கிருஷாந்தி ஏதோ இரண்டு வரி மாற்றினாள்.

“கடைசி நாளுக்கு மறுநாள் பொறக்கிற வரைக்கும் கதவச் சாத்தாதேன்னு சொல்லிட்டேன் மாமா. இனி ஒரு நாளும் தப்பாது.”

“இதெல்லாம் எங்கிட்ட செல்லாது,” என்றாள் மனோரஞ்சிதம், கலண்டரை ஆணியில் மாட்டிக்கொண்டே. “பிரச்சின தீந்துச்சு, சந்தோசம். ஆனா நாள் காணாமப் போச்சுங்கிற கதைய நான் நம்ப மாட்டேன்.”

“சரி, நீயே வந்து தட்டு,” என்றேன். “ஆனி மாதிரியே இன்னொரு மாசம் இருக்கு. ஆவணி. அடுத்து புரட்டாசி. புரட்டாசியிலயும் கல்யாணம் இல்ல, யாரும் நாள் தேட மாட்டாங்க. ஆவணி கடைசி முகூர்த்தத்தப் பாத்துருவோம். மொதல்ல பழைய மாதிரி, பொறவு புது மாதிரி. யாரும் கை வைக்கல, ஒன் விரலுதான்.”

சவாலுக்குப் பின்வாங்குகிற பெண் இல்லை அவள். வந்து உட்கார்ந்தாள். கிருஷாந்தி பழைய முறையைத் திருப்பி வைத்தாள். மனோரஞ்சிதம் தேதிகளைப் போட்டாள், ஒவ்வொன்றாக, அரிசியில் கல் பொறுக்குகிற கவனத்தோடு. ஆவணிக் கல்யாணங்கள் வரிசையாக வந்தன. கடைசி நாள் காலி.

“பாத்தீங்களா? காலி. அந்த நாளுக்கு இன்னும் யாரும் வரவே இல்ல. எனக்கு ஞாபகம் இருக்காதா?”

“இப்ப புது மாதிரி தட்டுங்க அத்தை.”

தட்டினாள்.

கடைசி வரியாக ஒன்று வந்து நின்றது.

மணமகன்: சஜீவன், நோட்டன் பிரிட்ஜ். மணமகள்: அனோஜா, லிந்துலை. மணமகளின் தகப்பனார் பெயர்: சோமசுந்தரம்.

பதிந்த தேதியும் பக்கத்திலேயே இருந்தது, வெசாக் லீவில் அனோஜா கல்லாவில் உட்கார்ந்த நாள்.

கிருஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று தெரியவில்லை.  நான் என் பெயரை இன்னொரு முறை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“யாருங்க இந்த சஜீவன்?” என்றாள் மனோரஞ்சிதம்.

யாருக்கும் தெரியவில்லை.

அவள் கடைசித் தேதியை ஒரு நாள், இரண்டு நாள் என்று தள்ளிப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மகளின் பெயர் அதே இடத்தில், அதே நாளில் நின்றது. கிருஷாந்தியிடம் பழைய முறையைப் போடச் சொன்னாள். பெயர் மறைந்தது. புது முறைக்கு மாற்றச் சொன்னாள். வந்தது. எழுந்து போய்ச் சுவரில் மாட்டிய கலண்டரைப் பார்த்தாள், வட்டமில்லாத அந்தக் கட்டத்தை விரலால் ஒரு முறை தடவினாள். பிறகு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

“நீங்க சொன்னது நெசந்தாங்க,” என்றாள் மெதுவாக. “நாள் காணாமத்தான் போயிருந்துச்சு.”